கோயில் நெல்லை எந்த வரியில் போடுவது?

2018இல் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு பாடசாலைக்கு ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) ஆசிரியராக நியமனம் கிடைத்தபோது எனக்கு இருந்த கவலை எல்லாம் பாதையைப் பற்றித்தான். பாதை என்றால் ரோட்டு இல்லை. குருமண்வெளித் துறையில் இருந்து மண்டூருக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஏறும். மாரியில் காற்றடித்தால் சுணங்கும். தவறவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போக வேண்டும், முதல் பாடவேளை போய்விடும். இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, பிள்ளைகள் படிப்பார்களா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. கொம்பியூட்டர் என்றால் எந்தப் பிள்ளைதான் ஓடிவராது?

ஓடித்தான் வந்தார்கள், முதல் இரண்டு கிழமை. கணினிக்கூடக் கதவு திறக்க முன்னமே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். மூன்றாம் கிழமை அதே பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தார்கள். ஓடி வந்தது கொம்பியூட்டருக்கு இல்லை, ஏ.சி.க்கு என்று ஒரு சக ஆசிரியர் பகிடி விட்டார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

தரம் 10இல் 34 பிள்ளைகள். கூடத்தில் இருந்த 20 கணினிகளில் ஒழுங்காக வேலை செய்தவை 11. ஒன்றுக்கு மூன்று பேர், ஒன்றில் மட்டும் நான்கு பேர். நான் முன்னால் நின்று "இப்ப இந்த விசையை அமுக்குங்க, இப்ப சேமியுங்க" என்று சொல்லிக்கொண்டே போவேன். முன்வரிசை செய்யும். பின்வரிசையில் ஒருவன் மேசையில் பென்சிலால் யானை கீறிக்கொண்டிருப்பான். நல்ல யானை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அந்தப் பக்கம் பேசாமல் இருந்த ஒரு பிள்ளையிடம் போய், "ஏன் மகள் சும்மா இருக்கிறீங்க?" என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். அவள் எழுந்து நின்று, "எனக்கு ஒரு வேலையும் இல்லையே சேர்" என்றாள். எதிர்த்துப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அடுத்த கிழமை முழுவதும் வரவு இடாப்பின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு வைத்தேன். யார் மவுஸைப் பிடிக்கிறார்கள் என்று. 34 பேரில் 11 பேர் எப்போதும் பிடித்தார்கள். 10 பேருக்கு இடைக்கிடை கிடைத்தது. மீதி 13 பேர் அந்தக் கிழமையில் ஒரு தடவையேனும் தொடவில்லை. அந்த 13இல் 9 பேர் பெண்பிள்ளைகள். இது ஆராய்ச்சி ஒன்றுமில்லை, பென்சில் கோடுகள்தான். ஆனால் அதற்குப் பிறகு "இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று என்னால் ஆசிரியர் அறையில் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் இருந்துதான் யோசனை வந்தது. சாரதி, நடத்துனர் என்று இரண்டு பேரை வைத்தேன். சாரதி மவுஸையும் விசைப்பலகையையும் பிடிப்பார், ஆனால் சொந்தமாக ஒன்றும் தீர்மானிக்கக் கூடாது. நடத்துனர் என்ன செய்வது என்று சொல்வார், ஆனால் எதையும் தொடக் கூடாது. மூன்றாமவர் ஏட்டுக்காரர். என்ன பிழை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று கொப்பியில் எழுதுவார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மேசையில் தட்டுவேன், இடம் மாறுவார்கள்.

முதல் நாள் படுதோல்வி. கெட்டிக்காரப் பொடியன்கள் நடத்துனராக இருந்துகொண்டு திரையில் விரலை வைத்து "இஞ்ச, இஞ்ச அமுக்கு" என்றார்கள். சாரதி வெறும் கையாகிப்போனான். அதனால் இன்னொரு விதி சேர்த்தேன்: விரல் நீட்டக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். "இஞ்ச" என்றால் செல்லாது. "சி நிரல், ஐந்தாம் வரி, அந்தக் கலத்தை அமுக்கு" என்றால்தான் செல்லும். கணக்குப் போடுகிற விரிதாளில் மேலிருந்து கீழாக இருப்பது நிரல், குறுக்கே இருப்பது வரி, இரண்டும் சந்திக்கிற கட்டம் கலம். இந்த ஒரு விதி செய்த வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. கலம், நிரல், வரி, பட்டி எல்லாம் பிள்ளைகளின் வாயில் தானாக ஏறின. வரைவிலக்கணம் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னபோது ஏறாத சொற்கள் அவை.

பெண்பிள்ளைகளை ஆண்பிள்ளைகளோடு கலந்து விட்டபோது, எத்தனை தடவை மேசையைத் தட்டினாலும் கொப்பி மட்டும் அவர்களிடமே தங்கியது. "எழுத்து வடிவு சேர், அவவே எழுதட்டும்" என்பார்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவர்களைத் தனிக் குழுக்களாக்கினேன். கலந்து படிப்பதுதான் நல்லது என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வார்கள். மூன்று பேருக்கு ஒரு மவுஸ் இருக்கிற இடத்தில் எனக்கு அது சரிவரவில்லை.

ஏட்டுக்காரரின் கொப்பிக்கு ஒரு தனிக் கதை உண்டு. தரம் 11 முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்குப் பஸ்கல் என்ற கணினி மொழியில் செய்நிரல் எழுதப் பழக்க வேண்டும். பிழைச் செய்தி எல்லாம் ஆங்கிலத்தில் வரும். பிள்ளைகள் அதை வாசிக்காமலே "சேர், வேலை செய்யுதில்ல" என்று கூப்பிடுவார்கள். 11 கணினிக்கும் நான் ஒருவனே ஓடுவேன். பிறகு ஒரு விதி: கூப்பிட முன் அந்தச் செய்தியை எழுத்துக்கு எழுத்து கொப்பியில் எழுதி, பக்கத்தில் தமிழில் என்ன சொல்கிறது என்று ஊகித்து எழுத வேண்டும். ஊகம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. முக்கால்வாசிப் பிழை எழுதும்போதே பிடிபட்டுவிடும். அந்தக் கொப்பிகளில் திரும்பத் திரும்ப வந்த ஒன்றை ஒரு பிள்ளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியது: "அரைப்புள்ளி இல்லை என்று சொன்னால் அந்த வரியைப் பார்க்காதே, அதற்கு மேல் வரியைப் பார்." நூற்றுக்கு நூறு சரி. மேல்வரிக் கடைசியில் அரைப்புள்ளியை விட்டால், செய்நிரலைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றுகிற மொழிபெயர்ப்பி அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் முட்டிக்கொண்டு நிற்கும். பாடநூலை வைத்துக்கொண்டு நான் சொல்லிக் கொடுக்காத விசயம் அது.

இதெல்லாம் நடந்தும் ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. கை வேலை செய்தது, மனம் வரவில்லை. "சேர் சொன்னார், செய்தோம்" என்ற முகம். செய்து முடித்த கோப்பை யாரும் திரும்பத் திறப்பதில்லை. பிழையாக இருந்தால் எனக்கு மட்டும் தெரியும், நானும் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

என்ன குறைகிறது என்பதை ஒரு கோயில் நோட்டீஸ்தான் முதலில் காட்டியது. ஒரு பொடியன் தன் ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸை எங்கள் கூடத்தில் இருந்து அடித்தான். பாமினி எழுத்துருவில். மிச்சம் அழகாக இருந்தது. அந்தக் கோப்பை அவனுடைய மாமாவுக்கு, சுவிஸுக்கு, வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், காசு சேர்க்க. அடுத்த நாள் வந்தான், முகம் தொங்கிப்போய். "சேர், மாமா கேக்கார், என்ன மனே கோயில் நோட்டீஸை இங்கிலீசுல அடிச்சிருக்காய், ஒரு சொல்லும் விளங்கல்லையே எண்டு."

எண் முறைமைப் பாடத்தில் எழுத்துக்கு இலக்கம் கொடுக்கிற முறைகளான ஆஸ்கி, யுனிகோட் என்று நான் இரண்டு வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று வகுப்பு முழுவதும் கேட்டது. பாமினியில் "தமிழ்" என்று அடிக்கும்போது உண்மையில் கணினிக்குப் போவது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடுப்புப் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் உடுப்புக் கழன்றுவிடும். யுனிகோட்டில் அப்படி இல்லை, அகரத்துக்கே சொந்தமாக ஓர் இலக்கம் இருக்கிறது: 2949. அதைப் பதினறுமத்துக்கு, அதாவது பதினாறை அடியாக வைத்த எண் முறைக்கு, மாற்றச் சொன்னேன். பதினாறால் பிரித்தார்கள்: 184, மிச்சம் 5. திரும்பப் பிரித்தார்கள்: 11, மிச்சம் 8. அந்த முறையில் பத்து என்றால் ஏ, பதினொன்று என்றால் பி. ஆக பி 8 5. யுனிகோட் அட்டவணையைத் திறந்து பார்த்தால் அகரத்துக்கு நேரே அதே இலக்கம், முன்னால் ஒரு பூச்சியத்தோடு. "அட!" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பரீட்சைக்குப் படித்த எண் மாற்றம் ஒன்றுக்கு அப்படி ஒரு சத்தம் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு கிழமை தங்கள் பெயர்களை இலக்கங்களாக எழுதிக் கடிதம் கொடுத்துத் திரிந்தார்கள். "தமிழ்" என்பதில் நாம் எண்ணுகிற எழுத்து மூன்று, கணினி எண்ணுகிற குறி ஐந்து, ஏன் என்று ஒரு பாடவேளை சண்டை நடந்தது. நோட்டீஸை அவன் யுனிகோட்டில் திரும்ப அடித்தான். நான் சொல்லவில்லை. மாமா சொன்னார்.

மாமா சொன்னார் என்பதுதான் விசயம். பிழை வந்தால் கேட்பதற்கு வகுப்புக்கு வெளியே ஓர் ஆள் இருந்தார்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. வட்ஸ்அப் வகுப்பு என்று தொடங்கினேன். அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. பாதிப் பேரிடம் போன் இல்லை, இருந்தவர்களில் சிலர் சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏற வேண்டும். பின்னேரத்தில் குளக்கட்டு என்றால் யானைப் பயம் வேறு. ஒரே ஒரு பயிற்சி மட்டும் பிடித்துக்கொண்டது. "வீட்டில் இருக்கிற போனில் எவ்வளவு இடம் மிச்சம், எது அடைத்துக்கொண்டிருக்கிறது, கண்டுபிடித்து எழுதுங்க" என்றேன். பைட்டு, கிலோபைட்டு, மெகாபைட்டுப் பாடம்தான். ஒரு பிள்ளை அப்பாவின் போனில் 1,400 காலை வணக்கப் படங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தது. ஒன்று 100 கிலோபைட்டு என்றால் கிட்டத்தட்ட 140 மெகாபைட்டு. அழித்துக் கொடுத்ததாம். அப்பா என்னைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். பிறகு ஒரு காலை வணக்கப் படமும் அனுப்பினார்.

2021இல் திரும்பத் திறந்தபோது பெரும்போகம் என்கிற மாரி வேளாண்மையின் வெட்டுக் காலம். விரிதாள் பாடம் தொடங்க வேண்டும். பாடநூலில் இருப்பது மாணவர் புள்ளிப் பட்டியல். இந்தத் தடவை அதை மூடி வைத்துவிட்டு, "உங்கட வீட்டு வேளாண்மைக் கணக்கைக் கொண்டுவாங்க" என்றேன். உழவு, விதைநெல், உரம், களைநாசினி, வெட்டு மெசின், சாக்கு, ஏற்றுக்கூலி. எத்தனை ஏக்கர், எத்தனை மூடை, மூடை என்ன விலை.

கணக்கு வீட்டில் எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பெரும்பாலான வீடுகளில் அது அப்பாவின் தலைக்குள்தான் இருந்தது. பிள்ளைகள் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. அதுவே ஒரு கிழமை எடுத்தது. அந்தக் கிழமையை வீண் என்று அன்று நினைத்தேன்.

கலத்தொடர்பு என்று ஒன்று இருக்கிறது, சூத்திரத்தில் இலக்கத்துக்குப் பதிலாக அது இருக்கிற கலத்தின் பெயரை எழுதுவது. படிப்பித்தவர்களுக்குத் தெரியும், பாதி வகுப்பு அதில்தான் விழும். ஒரு பொடியன் ஏக்கர் எண்ணிக்கை 2 என்று பி 2 கலத்தில் போட்டிருந்தான், மூடை விலை 3,200 என்று பி 3இல். உழவு ஏக்கருக்கு 8,000, அதைப் பி 2ஆல் பெருக்கினால் 16,000. சரி. அந்தச் சூத்திரத்தை அப்படியே கீழே இழுத்தான். விதைநெல் ஏக்கருக்கு 6,000. 12,000 வர வேண்டும். வந்தது 1 கோடி 92 இலட்சம். சூத்திரம் ஒரு வரி இறங்கும்போது பி 2உம் இறங்கிப் பி 3 ஆகிவிட்டது, விதைநெல் காசை மூடை விலையால் பெருக்கிவிட்டது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "வட்டையை வித்தாலும் உங்கப்பா கட்ட மாட்டாருடா" என்றான் ஒருவன். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல். புள்ளிப் பட்டியலில் இதே பிழை வந்தால் ஒருவருக்கும் தெரியாது, 46ஆ 64ஆ என்று யாருக்கு என்ன? விதைநெல்லுக்குக் கோடி வராது என்பது இவர்களுக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். பிழையைக் காட்ட நான் தேவைப்படவில்லை. பி 2ஐ அசையாமல் நிறுத்த இரண்டு டொலர் குறி போட வேண்டும், எஃப் 4 விசையை அமுக்கினால் அதுவே போட்டுக்கொள்ளும் என்று காட்டினேன். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆணி. "சேர், ஆணி அடிக்க மறந்திட்டன்" என்பார்கள். இன்றைக்கும் எங்கள் பாடசாலையில் அதற்குப் பெயர் ஆணிதான்.

இதே பாடத்தில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் தாளில் "மாமிட காப்பு, அடகு, வட்டி" என்று ஒரு வரி. பெரிய எழுத்தில், பிரகாசமான திரையில். பின்னால் நின்ற இரண்டு பேர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டார்கள். அவள் திரையை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. வீட்டுக் கணக்கைக் கொண்டுவா என்று சொல்வது வீட்டுக் கதவைத் திறந்து காட்டு என்று சொல்வது மாதிரி. அது எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும். காணி இல்லாத பிள்ளைகளையும் நான் யோசிக்கவில்லை. "எங்களுக்கு வட்டை இல்ல சேர்" என்று ஒருவன் மெல்லச் சொன்னபோதுதான் உறைத்தது.

அதன் பிறகு மாற்றினேன். எந்தத் தொழிலின் கணக்கும் எடுக்கலாம்: தோணியும் வலையும், தையல், இடியப்பம், கடை. சொந்த வீடாக இருக்கத் தேவையில்லை, தெரிந்த யாரிடமும் கேட்டு வரலாம். பெயர் போடக் கூடாது, கோப்புக்கு இலக்கம் மட்டும். கடன், அடகு வரிகள் கட்டாயமில்லை. பெருந்திரையில் ஒருவரின் தாளையும் காட்டுவதில்லை. இந்தப் பாடத்தை எடுத்துச் செய்ய நினைக்கிற ஆசிரியர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள், என்னைப் போல இரண்டாம் கிழமை செய்யாதீர்கள். இடியப்பக் கணக்குத்தான் வகுப்பிலேயே சிறந்த கணக்காக வந்தது, விறகையும் தேங்காயையும் அந்தப் பிள்ளை நாள்வாரியாகப் பிரித்திருந்தது.

இன்னொருவன் அப்பாவின் காவல் இரவுகளைக் கணக்கில் சேர்த்தான். யானை வரும் காலத்தில் 60 இரவு பரணில் இருந்தாராம். ஓர் இரவுக்கு நாள்கூலி போட்டுப் பெருக்கினான். இலாபம் என்று கீழே இருந்த இலக்கம் மறைந்து முன்னால் கழித்தல் குறி வந்தது. வீட்டில் காட்டியிருக்கிறான். "அதெல்லாம் கணக்குல வராது மனே" என்று மட்டும் அப்பா சொன்னாராம். அதன் பிறகு அவன் அந்த வரியை அழிக்கவும் இல்லை, கூட்டலில் வைத்திருக்கவும் இல்லை. மஞ்சள் நிறம் பூசித் தனியே வைத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தொகுதியில் பேசாத பிள்ளை ஒருத்தி. தன் தாளை அச்சடித்துக்கொண்டு போய் வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. முழுவதும் கேட்டுவிட்டு, "கோயிலுக்கு அளந்த நெல் எங்க? வட்டவிதானைக்குக் குடுத்தது எங்க?" என்று கேட்டாராம். வட்டவிதானை என்றால் வயல்களுக்குத் தண்ணீர் பார்க்கிறவர். பிள்ளை அடுத்த நாள் முதல் ஆளாக வந்து நின்றது. "சேர், கோயில் நெல்லை எந்த வரியில போடுற? செலவிலயா, விளைச்சல்ல கழிக்கிறதா?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. வகுப்பிடம் விட்டேன். செலவு என்றது ஒரு பக்கம். காசு கையை விட்டுப் போகவில்லையே, நெல்தானே, அதனால் விற்ற மூடையில் குறைக்க வேண்டும் என்றது மறு பக்கம். இரண்டு மாதிரியும் செய்து பாருங்கள் என்றேன். இலாபம் ஒன்றாகவே வந்தது. "அப்ப என்னத்துக்குச் சண்டை?" என்றான் ஒருவன். மூடைக்கு எவ்வளவு செலவானது என்ற கலத்தை ஒருத்தி காட்டினாள், அது மட்டும் இரண்டு தாளிலும் வேறு வேறு. மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த பாடவேளை ஆசிரியர் கதவடியில் வந்து நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம். தரவு, தகவல், உள்ளீடு, வெளியீடு என்று பாடநூலில் முதல் அலகில் இருப்பதெல்லாம் அந்த 40 நிமிடத்துக்குள் வந்துபோனது.

அடுத்த வருடம் அதே பிள்ளைகள் தரம் 11. அதே கோப்பைத் திறந்து பக்கத்தில் இன்னொரு நிரல் சேர்த்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் தடையை நீக்கினார்கள் அல்லவா, அதற்கு இடைப்பட்ட காலத்தில் விதைக்கத் தொடங்கிய பெரும்போகம். ஆணி அடித்த சூத்திரங்கள் தானாகக் கணக்குப் போட்டுக் காட்டின. சிலரின் தாளில் மூடை பாதியாக இறங்கியிருந்தது. வரைபு கீறச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் அன்று ஒருவரும் தூங்கவும் இல்லை.

அதே 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கூடம் இருட்டு, ஏ.சி. இல்லை. தர்க்கப் படலைப் பாடத்தை மரத்தடிக்குக் கொண்டுபோனேன். உள்ளே வருகிற ஆம், இல்லைகளை வைத்து ஒரே ஒரு ஆம் அல்லது இல்லை சொல்கிற கணினிச் சுற்றுத்தான் தர்க்கப் படலை. "படலை எண்டா என்ன சேர், கடப்புத்தானே?" என்று கேட்டான் ஒருவன். கடப்பு என்றால் வேலியில் குறுக்கே கழி போட்டு அடைக்கிற வாசல். சரி, கடப்பையே எடுப்போம் என்றேன். ஒரு கடப்பில் இரண்டு கழி. இரண்டையும் கழற்றினால்தான் மாடு வளவுக்குள் வரும், அது உம்மைப் படலை. முன்னுக்கு ஒரு கடப்பு, பின்னுக்கு ஒரு கடப்பு, எது திறந்தாலும் மாடு வரும், அது அல்லதுப் படலை. நாய் அவிழ்ந்திருந்தால் வராது, அது இல்லைப் படலை. "முன்கடப்போ பின்கடப்போ திறந்திருக்கு, நாய் அவிழ்ந்தில்ல, அப்ப மாடு வரும்" என்று ஒரு முழுச் சுற்றையும் மண்ணில் குச்சியால் கீறினார்கள். எது திறந்தால், எது மூடினால் என்ன நடக்கும் என்று எல்லாச் சேர்க்கைக்கும் எட்டு வரியில் உண்மை அட்டவணை. இரண்டு பேர் கடப்பு, ஒருவர் நாய், ஒருவர் மாடு. மாடாக நின்றவன்தான் எல்லாரிலும் கவனமாக இருந்தான். தன் முறையைத் தவறவிட்டால் எல்லாரும் கத்துவார்களே.

சரிவராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரப் புள்ளி அட்டவணை: முதல் மூன்று பேர் மட்டும் ஓடினார்கள், மற்றவர்கள் முதல் நாளே கைவிட்டார்கள். காணொளி போட்டுக் காட்டுவது: ஏ.சி. அறையும் இருட்டும் சேர்ந்தால் நானே தூங்கிவிடுவேன். விளையாட்டு விளையாட விடுகிறேன் என்று ஆசை காட்டுவது: அதன் பிறகு பாடம் தண்டனை ஆகிவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு தவணையும் ஒரே கேள்வி வரும். "சேர், நெல்லுக் கணக்கு எங்களுக்கே தெரியும், பிள்ளைக்குப் பாஸ் பேப்பர் செய்யுங்க." அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாதாரண தரத்தில் ஐ.சி.டி.க்கு எழுத்துப் பரீட்சைதான், செய்முறைப் பரீட்சை இல்லை. முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினா. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கிய பிறகு "டெக்" படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். பெறுபேறு இல்லாமல் அதற்குள் போக முடியாது. அதனால் ஒவ்வொரு செய்முறைக்கும் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கிவிட்டேன். அன்று கையால் செய்ததைப் பற்றிக் கடந்தகால வினாத்தாளில் இருந்து ஒரே ஒரு வினா. ஆணி அடித்த அன்றைக்கு டொலர் குறி வருகிற வினா. அது போதும். பெற்றோருக்கு இதை விளக்குவதை விட, அந்த வினாவைப் பிள்ளை வீட்டில் போய் விளக்குவது நல்லது என்று கண்டுகொண்டேன்.

எல்லாரும் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். யானை கீறிய பொடியன் தரம் 11 நடுவில் நின்றுவிட்டான், கொழும்பில் ஒரு கடையில் வேலை என்று கேள்வி. அவனுக்கு நான் ஒரு கீறல் மென்பொருளைக் காட்டியிருக்கலாம். அந்த நேரம் என் மனதில் இருந்ததெல்லாம் அவன் மேசையைப் பழுதாக்குகிறான் என்பதுதான்.

நெல்லுக் கணக்குப் போட்ட தொகுதியும் போய்விட்டது. அவர்களின் கணினிக் கோப்பில் இலக்கங்களை அழித்துவிட்டு, வரிகளை மட்டும் வைத்துப் புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். உழவு, விதைநெல், உரம், வெட்டு மெசின். கீழே மஞ்சளில் காவல் இரவு. அதற்குக் கீழே கோயில் நெல். போன தவணை ஒரு பிள்ளை அந்த வரியில் வந்து நின்றுகொண்டு, "சேர், இது செலவிலயா சேரும்?" என்று கேட்டது. உங்கட வீட்டில் யாரிடமாவது கேட்டுக்கொண்டு வாங்க என்றேன்.

அடுத்த நாள் வந்தது. "அம்மப்பா சொல்லுறார், அது செலவே இல்லையாம் சேர்" என்றது. நடத்துனர் ஏற்கவில்லை. சாரதி மவுஸில் கையை வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.